அனுமாருக்குக் கல்யாணமா?

"டீச்சர், இது பொய்!" என்று எழுந்துவிட்டான் ஆறாம் வகுப்புப் பையன். சனிக்கிழமை. நெற்றியில் செந்தூரம் காயாமல் இருந்தது. கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு சனி ராஜபாளையம், மறு சனி ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பிள்ளைகளுக்குப் பொம்மை வைத்து வெளிதேசத்துக் கதை சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் உருவம் வெட்டி, மூங்கில் குச்சி கட்டி, வேட்டிக்குப் பின்னால் ஒரு பல்பைப் போட்டால் தீர்ந்தது.

அன்று தாய்லாந்து. முதலாம் ராமா என்ற அரசர் 1797-ல் முன்னின்று இயற்றுவித்த ராமகியென்தான் அவர்களுடைய ராமாயணம். சேதுவுக்குப் போட்ட கல்லெல்லாம் காணாமல் போகிறது. அனுமார் கடலில் மூழ்கிப் பார்த்தால், ராவணன் மகள் சுவன்னமச்சா, பொன்னிற மீன்கன்னி, தன் மீன்படையோடு கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறாள். சண்டைக்குப் போனவர் காதலில் விழுகிறார். பிள்ளையும் பிறக்கிறது: உடம்பு குரங்கு, வால் மீன், பெயர் மச்சானு. "மச்சான்!" என்று வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜப்பானில் பழத்துக்குள்ளிருந்து பிறந்த மொமொதாரோவை யாரும் பொய் என்று சொன்னதில்லை. தூரத்துச் சாமியோடு நமக்கு என்ன வழக்கு? நம் சாமியை இன்னொருவர் வேறுமாதிரிச் சொன்னால்தான் சுருக்கென்று தைக்கிறது.

"அவங்க ஊர்க் கதைதானேப்பா" என்றேன். அங்கேதான் சறுக்கினேன்.

"அப்போ சஞ்சீவி மலையும் கதைதானா?"

ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது மலை. மருந்துமலையை அனுமார் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு என்பது எங்கள் ராஜபாளையத்து நம்பிக்கை. இலங்கையில் காலிக்குப் பக்கத்து ருமஸ்ஸல குன்றையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கலாம். அது பதில் ஆகாது. அவர்களுடையது கதை, நம்முடையது நிஜம்: உலகப் பண்பாடு என்ற பெயரில் இத்தனை நாள் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்று முடித்துவிடுவதும் எனக்குப் பிடிக்காது. மீன்கன்னியைக் கட்டியவரும் நம் பிரம்மச்சாரியும் ஒருவர் அல்ல. ஒருவராக்கினால் இரண்டு ஊர்க்காரர்களையும் ஏமாற்றியதாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குப் பாவை என்றாலே ஆண்டாள்தான். என் கையிலிருக்கும் பொம்மைக்கும் அதே சொல். அந்தப் பாவையும் கடல் தாண்டியிருக்கிறது. பாங்காக்கில் ராட்சத ஊஞ்சல் கட்டி ஆடிய திரியம்பாவாய் விழாவின் பெயர் திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தது என்பார்கள் அறிஞர்கள். 1935-ல் ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. விழாப் பெயரில் நம் சொல் இருக்கிறது. இதைச் சொன்னபோது பெருமைப்பட்டார்கள். நம் பாட்டு அவர்கள் கையில் ஊஞ்சலாகலாம், அனுமார் மட்டும் மாப்பிள்ளையாகக் கூடாதா? இதை நான் அவனிடம் கேட்கவில்லை. வாதத்தில் ஜெயித்துக் குழந்தையைத் தோற்கடிப்பதில் என்ன இருக்கிறது?

அதற்குப் பதிலாக அவனுக்குக் கேரளத்துத் தோல்பாவைக்கூத்தைப் பற்றிச் சொன்னேன். பகவதி கோயில்களில், கூத்துமாடத்தில், கம்பன் பாட்டை வைத்து இரவெல்லாம் நடக்கும். ராவணவதத்தின்போது பத்ரகாளி தாரிகனோடு போரில் இருந்தாளாம்; பார்க்க முடியவில்லை. அவள் பார்க்கத்தான் இந்தக் கூத்து. எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, கைகூப்பி நிற்கும் இன்னொரு அனுமாரை வெட்டினான். திரையின் ஓரத்தில் குத்திவைத்தான். "நம்ம அனுமார் பார்க்கட்டும், டீச்சர்."

கல்யாணம் நடந்தது. ஓரத்தில் நின்றவர் அசையவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "அது இன்னும் பொய்தான்" என்றான். நான் மறுக்கவில்லை.

அடுத்தது ஜாவாவின் செமார். வேலைக்காரக் கோமாளி, ஆனால் தேவன். தொந்தி பெரிது, அட்டை நிறைய வேண்டும். உங்கள் வீட்டில் கனமான கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.