பழையது போயிற்றா?



பிள்ளைகளின் பாடமும், பென்ஷன் கணக்கும், வெளியூரிலிருக்கும் மகனுடைய முகமும் இப்போது கணினி வழியாகவே அநேக வீடுகளுக்கு வருகின்றன. ஆகையால் அதைப்பற்றி இவ்வாரம் இரண்டொரு வார்த்தை. ஞான காரியங்களை விட்டு இதென்ன பேச்சு என்று முகஞ்சுளிக்க வேண்டாம். மெய்யும் பொய்யும் நடமாடுகிற இடம் எதுவும் நமக்கு அந்நியமல்ல.

“புதிய பதிப்பு வந்திருக்கிறது” என்று கணினி அறிவிக்கிறது. நாமும் சரியென்று அமுக்குகிறோம். புதியது வந்ததும் பழையது தானே போய்விட்டதென்று நிம்மதியாயிருக்கிறோம். மெய்யாகவே போயிற்றா?

ஜாவா என்னும் மென்பொருளின் கதையைக் கேளுங்கள். 2010-ல் அது ஆரக்கிள் கம்பெனியின் கைக்கு வந்தது. 85 கோடிக்கு மேற்பட்ட கணினிகளில் இருந்த பண்டம் அது. புதுப்பித்துக்கொண்டால் உங்கள் கணினி பத்திரமாயிருக்கும் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் புதிய பதிப்பு தனக்குச் சற்றுமுன் இருந்ததை மாத்திரம் அகற்றிற்று. அதற்கும் முந்தியவை உள்ளேயே கிடந்தன. ஆறாம் பதிப்பின் பத்தாம் திருத்தத்துக்கு முற்பட்டவற்றை அது தொடவேயில்லை. கடவுச்சொல்லைத் திருடுகிறவனுக்கு அந்தப் பழைய ஓட்டை போதாதா? முன்வாசலுக்குப் புதுப்பூட்டு, கொல்லைக்கதவு திறந்தபடி! கம்பெனி இதை அறிந்திருந்தும் ஜனங்களுக்குச் சொல்லவில்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015 டிசம்பரில் குற்றஞ்சாட்டியது. வழக்கு உடன்படிக்கையில் முடிந்தது. பழைய பதிப்பு இருந்தால் அதையும் அதன் ஆபத்தையும் வெளிப்படையாய்ச் சொல்லி, நீக்கவும் வழிவிட வேண்டுமென்று ஏற்பாடாயிற்று.

எட்டாங் கற்பனையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மாடு விற்கிறவன் பாலின் அளவை உள்ளபடியே சொல்லி, அது உதைக்கும் என்பதை மாத்திரம் விழுங்கிவிட்டால், அவன் சொன்னதெல்லாம் மெய்தான். வாங்கினவனுக்கோ பல் போயிற்று. ஆணையம் கண்ட குறை இந்த ஜாதியைச் சேர்ந்தது.

எல்லாக் கோளாறுக்கும் வஞ்சகமே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். விண்டோஸ் கணினியில் என்னென்ன குடியிருக்கிறது என்பதற்கு, நமது பங்கின் குடும்பப் பதிவேட்டைப் போல, ஒரு பதிவேடு உண்டு. புதிதாய் வருகிறது அதில் தன் குலக்குறியைத் தேடி, முந்தினதைக் கண்டால் விலக்கும். தயாரித்தவர்கள் அக்குறியை மாற்றியிருந்தால் காணாது. பழையதை ஒருவர் பேரில் மட்டும் போட்டு, புதியதை எல்லாருக்குமாகப் போட்டாலும் காணாது. பதிப்பெண்ணில் முதல் மூன்று பகுதிகளையே அது ஒப்பிடும். நான்காவது மாத்திரம் மாறியிருந்தால் இரண்டும் சமமென்று எண்ணி, இரண்டையும் விட்டுவைக்கக்கூடும்.

பொறுமையிழந்து பழைய கோப்புறையைக் கையால் அழிக்கிறவர்களும் உண்டு. வீட்டை இடித்தால் பதிவேட்டிலிருந்து பேர் போய்விடுமா? பழையது இன்னும் இருக்கிறதென்றே கணினி சொல்லும். புதியதையும் சிலவேளை நுழையவிடாது. ஆத்தும சோதனை செய்யாமல் புதுப் பிரதிக்கினை எடுக்கிறவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதைத் தவக்காலத்தில் பேசுவோம்.

ஆகவே, இன்று மாலை ஜெபமாலை முடிந்தபின், பெரிய பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் பேனலில் மென்பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே பேர் இரண்டு எண்களோடு நின்றால், அந்த மென்பொருளை மூடிவிட்டு, பழையதை அந்தப் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். பிறகு கணினியை அணைத்து மறுபடி துவக்குங்கள். உபயோகத்திலிருந்த கோப்புகள் அப்போதுதான் இடம் விடும். நீங்க மறுத்தால், இதற்கென்றே மைக்ரோசாப்ட் இலவசமாய்க் கொடுக்கிற கருவி இருக்கிறது. ஆனால் மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ என்ற பேரில் பல வருஷங்களைத் தாங்கிய வரிசை ஒன்று அங்கே காணப்படும். அவை வெவ்வேறு மென்பொருள்களுக்குத் துணை நிற்கிறவை. பழசென்று நினைத்து அவற்றின்மேல் கைவைக்காதீர்கள்.