அந்த ப்ராஜெக்டை விலைக்கு வாங்காதே!

இறுதியாண்டு ப்ராஜெக்டை எந்தக் கடையில் வாங்கப் போகிறாய்?

உன்னைத்தான் கேட்கிறேன், என்ஜினீயரிங் படிக்கும் தம்பி, தங்கையே! ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, வைவாவில் ஒப்பித்து, பிறகு பரண்மேல் போடத்தானே?

ஒரு பொருளை முழுசாக உன் கையால் செய்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. அதையுமா காசு கொடுத்துத் தொலைப்பாய்?

"தொழில்முனைவுதான் பாடத்திலேயே இருக்கிறதே!" என்கிறாய். இருக்கிறது. இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தாய். தேறினாய். ஒரு ரூபாய்க்கு எதையாவது விற்றாயா?

"பணம் இல்லை." கோவை முருகானந்தத்திடம் என்ன இருந்தது? பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வெல்டிங் பட்டறையில் உழைத்தவர். பஞ்சில் மாதவிடாய் நாப்கின் செய்தார்; சரிவரவில்லை. ஊர் சிரித்தது. அவர் விட்டாரா? வேண்டியது பஞ்சல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று! பிறகு நாப்கின் செய்யும் மலிவான இயந்திரத்தைத் தானே செய்தார். 2016-ல் பத்மஸ்ரீ.

"தோற்றுவிட்டால்?"

சென்னை ஐஐடியில் 2017-ல் முளைத்த அக்னிகுல் நிறுவனத்தைப் பார்! ஸ்ரீஹரிகோட்டாவில் அதன் முதல் ராக்கெட் நான்கு முறை புறப்படாமல் நின்றது. நான்காம் முறை, கிளம்பச் சில நொடிகளே பாக்கி! முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கா போனார்கள்? இரண்டே நாளில், 2024 மே 30 காலையில், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவான எஞ்சினோடு அதைப் பறக்கவிட்டார்கள்.

நான்கு முறை! நீ ஒரு அரியருக்கே ஒடுங்கிப் போகிறாய்.

உண்மையைச் சொல். நீ பயப்படுவது நாலு பேர் வாய்க்குத்தானே?

கல்விக்கடன் இருக்கிறதா? வேலைக்குப் போ, அதில் குற்றமே இல்லை. வீட்டைத் தாங்குவதும் வீரம்தான். ஆனால் கல்லூரியில் இருக்கும் இந்த நாட்களில் உன் கையை யார் கட்டினார்கள்?

அம்பத்தூர் பட்டறைக்குப் போ. பீளமேட்டுக்குப் போ. லேத் ஓட்டுபவரிடம் கேள்: "அண்ணே, தினமும் உங்க நேரத்தைத் தின்கிற வேலை எது?"

அதற்கு ஒரு கருவி செய். சொதப்பும். மறுபடி செய். திட்டுவார். கேட்டுக்கொள், திருத்து. அவர் தன் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டும்வரை செய்!

எந்தத் தேர்வும் தராத பாடம் அந்தப் பணத்தில் இருக்கிறது.

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கக் கெடு நெருங்குகிறது. இந்தச் சனிக்கிழமையே கிளம்பு!