பிலதெல்பியா என்று பெயர் வைக்கலாமா?



நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று வாலிபத் தம்பிமார் போன மாதம் கேட்டார்கள். "பாஸ்டர், பிலதெல்பியா ஜெபவீடுன்னு வச்சிடலாம். ஆசியாவின் ஏழு சபைகள்ல குறை சொல்லப்படாத ரெண்டு சபையில அது ஒண்ணு" என்றார் ஒரு தம்பி. நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

அது கிரேக்கப் பெயர். 'பிலோஸ்' என்றால் நேசிக்கிறவன். 'அதெல்போஸ்' என்றால் ஒரே கர்ப்பத்தில் பிறந்தவன். நாம் சொல்லும் 'சகோதரன்' என்ற வார்த்தைக்கும் அதே அர்த்தந்தான்: ஒரே வயிற்றில் பிறந்தவன். ஆக, பிலதெல்பியா என்றால் சகோதர சிநேகம்.

வேதத்திலுள்ள அந்தப் பட்டணம் இன்றைக்குத் துருக்கி தேசத்தில் அலாஷெஹிர் என்று அழைக்கப்படுகிறது. பெர்கமு ராஜாவான யூமெனஸின் தம்பி அட்டாலஸுக்கு 'சகோதரனை நேசிக்கிறவன்' என்ற பட்டப்பெயர் உண்டு. அதிலிருந்துதான் ஊருக்குப் பெயர் வந்தது. கி.மு. 172-ல் அண்ணன் கொலையுண்டார் என்று வதந்தி பரவ, தம்பி கிரீடத்தை எடுத்துக்கொண்டான். அண்ணன் உயிரோடே திரும்பி வந்தபோதோ, மறுபேச்சில்லாமல் அதைக் கொடுத்துவிட்டான். பிறகு ரோமாபுரியில் பெரிய மனுஷர் சிலர், "உனக்கென்று ராஜ்யத்தைக் கேள்" என்று தூண்டினார்கள். அரண்மனை வைத்தியர் புத்தி சொல்ல, அவன் கேட்கவில்லை. அண்ணன் மரித்த பின்புதான் ராஜாவானான்.

அதே பெயரில் இன்னொரு ஊரும் இருந்தது. அம்மோன் புத்திரரின் ரப்பா, அதாவது இன்றைய யோர்தான் தேசத்து அம்மான். எகிப்தின் இரண்டாம் தாலமி தன் பட்டப்பெயரை அதற்கு வைத்தான். அவனோ சொந்தச் சகோதரியையே விவாகம்பண்ணியவன். தன் சகோதரனைக் கொல்லுவித்தான் என்று பௌசானியா என்ற பழைய கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். பெயர் ஒன்றுதான், ஆட்கள் வேறு!

அமெரிக்காவில் 1682-ல் வில்லியம் பென் ஸ்தாபித்த பட்டணத்துக்கும் இதே பெயர். எல்லா விசுவாசத்தாரும் சமாதானமாய் வாழவேண்டும் என்பது அவர் ஆசை. நூறு வருஷம் கழித்து அங்கே ஒரு சபையில், முழங்காலில் நின்று ஜெபித்த கறுப்பின விசுவாசிகளை ஜெபம் முடியுமுன்னே பிடித்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலன் முதலானவர்கள் வெளியேறினார்கள். 1794-ல் அதே ஊரில் அவர்களுடைய பெத்தேல் ஆலயம் திறக்கப்பட்டது. சகோதர சிநேகம் என்ற ஊரிலேதான் இதெல்லாம் நடந்தது.

அப்படியானால் பெயர் பொய்யா? தகுதி உள்ளவன்தான் பெயர் வைக்கலாமென்றால், கிறிஸ்தவன் என்ற பெயரை நம்மில் யார் சுமக்க முடியும்? ஆனால் பெயரை வைத்துவிட்டு அது நம்மைக் குத்தாமல் போனால், நாமும் தாலமிதான். பெயர் என்பது நாம் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் மாதிரி. பணம் கட்டியாச்சு என்பதற்கு அது சாட்சி அல்ல, கட்டவேண்டியது பாக்கி என்பதற்கே சாட்சி.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். மூன்றடிப் பாதை விஷயமாக நானும் என் அண்ணனும் நாலு வருஷமாய்ப் பேசவில்லை. பாதை என்னுடையது என்பதற்குப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அட்டாலஸ் கையில் கிரீடமே இருந்ததே!

போன சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். "பாதையை நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதினி காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் இன்னும் பேசவில்லை, நான் திரும்பவும் போவேன்.

பலகை எழுத இப்போது கொடுத்திருக்கிறேன். தேவபிள்ளையே, உன் வாசலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? அந்தப் பெயருக்கு நீ யாரிடத்தில் கடன்பட்டிருக்கிறாய்?

கர்த்தர்தாமே நம்மைச் சீர்ப்படுத்துவாராக. ஆமென்.