குளிப்பாட்டும் கைகள்





மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு கறுத்த பெண்மணியின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அவர் இரவில் மௌத்தாகிவிட்டார். நபியவர்களை எழுப்ப வேண்டாம் என்று தோழர்கள் அடக்கமும் செய்துவிட்டார்கள். கூட்டுகிறவர்தானே, இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று அவர்கள் எண்ணியது போலவும் அறிவிப்பில் வருகிறது. அவரைக் காணாமல் விசாரித்தவர் நபி (ஸல்) அவர்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்று தொழுதார்கள்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நம்முடைய ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள், கபன் வெட்டுகிறவர்கள், கப்ர் தோண்டுகிறவர்கள். நாற்பது, ஐம்பது வருடமாக ஒரு சதமும் வாங்காமல் இதைச் செய்துவரும் ஆண்களும் பெண்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார்கள். மழை என்றோ காய்ச்சல் என்றோ சொன்னதில்லை.

இதை அவர்களுடைய நல்ல மனசு என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகிறோம். ஷரீஅத் அப்படிப் பார்க்கவில்லை. மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவது, அடக்குவது ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் ஊர் முழுக்கக் குற்றவாளியாகும். அப்படியானால் மையித்தைக் குளிப்பாட்டும் ஒரு முதிய பெண்மணி ஒவ்வொரு முறையும் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போது, வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நம் எல்லோருடைய கடமையையும் சேர்த்துத்தான் எடுக்கிறார். நாம் ஊர்வேலை என்று பெயர் வைத்திருப்பது உண்மையில் நம்முடைய வேலை.

உம்மு அதிய்யா (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு போர்களில் நபியவர்களோடு போனவர். கூடாரத்தில் நின்று சமைத்தார், காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். ஹிஜ்ரி 8இல் நபியவர்களின் மகள் ஸைனப் (ரலி) மௌத்தானபோது குளிப்பாட்டியவர்களில் ஒருவர் அவர். மூன்று முறை, ஐந்து முறை, தேவை கண்டால் அதற்கும் மேலே, தண்ணீரோடு இலந்தை இலை, கடைசியில் கற்பூரம், வலப் பக்கத்திலிருந்தும் வுழூவுடைய உறுப்புகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்று நபியவர்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிந்ததும் தம்முடைய வேட்டியைக் கொடுத்து, இதை மகளின் உடம்போடு ஒட்டி உடுத்துங்கள் என்றார்கள். கூந்தலை மூன்று பின்னலாகப் பின்னினார்கள். ஒரு தகப்பனின் துக்கம் அந்த வேட்டியில் இருக்கிறது. அந்தத் துக்கத்திலும் கற்றுக்கொடுப்பதை அவர்கள் விடவில்லை.

பிற்காலத்தில் உம்மு அதிய்யா பஸராவுக்குப் போய் வாழ்ந்தார். முஹம்மத் இப்னு ஸீரீன் போன்ற பெரிய அறிஞர்கள் குளிப்பாட்டும் முறையை அவரிடமிருந்தே படித்தார்கள். நம் பிக்ஹு நூல்களில் மையித்தைக் குளிப்பாட்டும் பாடத்துக்கு அந்தப் பெண்மணியின் செய்திதான் அடிப்படை. போர்க்களத்துச் சமையலில் தொடங்கிய ஒரு சேவை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

இந்தக் கடமையின் பாரத்தை 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது இந்தக் கரை முழுவதும் உணர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடைய அம்பாறை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரம் முழுக்க மையித்துகள். நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால், போர்க்களத்து ஷஹீதைப் போல அவரைக் குளிப்பாட்டாமல் அடக்கிவிட முடியாது. கழுவ வேண்டும், இயலாவிட்டால் தயம்மும். அன்று அதற்கும் எங்கே நேரம்? உஹத் போரின் முடிவில் நபியவர்கள் ஒரே கப்ரில் இரண்டு மூன்று பேரை வைக்க அனுமதித்தார்கள். அவர்களில் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்டு, அவரை முதலில் வைக்கச் சொன்னார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் இறந்தவரின் மரியாதை பார்க்கப்பட்டது. அன்று நம் கரையில் சகதிக்குள் இறங்கித் தூக்கியவர்கள் இந்த ஹதீஸைப் படித்தார்களோ இல்லையோ, அதன்படிதான் நடந்தார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று கேட்டுத் தூக்கவில்லை.

2024 நவம்பர் 26இல், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனபோதும் படையினரோடு சேர்ந்து நம் ஊர் இளைஞர்கள் தண்ணீருக்குள் இறங்கித் தேடினார்கள். அந்தப் பிள்ளைகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

கொவிட் காலத்தை மறக்க முடியுமா? 2020இல் நம் மையித்துகளை எரித்தார்கள். குளிப்பாட்டவும் முடியாமல், அடக்கவும் முடியாமல் ஒரு சமுதாயமே ஒரு வருடம் வெந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த மண்ணில் அடக்கப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் தொண்டர்கள் அந்த வெயிலில் நின்றார்கள். அதற்கு முந்திய வருடம் அவர்களை நிற்கவே விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் பணியைச் செய்யக் கிடைப்பதே ஒரு நிஃமத்.

கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி என்று ஒருவர் வாழ்ந்தார். 1928இல் குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்து, 1947இல் கராச்சிக்குப் போனவர். சொந்தக்காரர் இல்லாத மையித்துகளை, அழுகிப்போயிருந்தாலும், தம் கையாலேயே கழுவி அடக்கினார். மிகப் பெரிய அம்பியூலன்ஸ் சேவை ஒன்றை நடத்தியவர், இரண்டு சோடி உடுப்போடு வாழ்ந்தார். 2016 ஜூலையில் மௌத்தானபோது, பல வருடங்களுக்கு முன்பே தமக்காகத் தாமே தோண்டிவைத்திருந்த கப்ரில் அவரை அடக்கினார்கள். உலகம் அவரை அறியும். நம் மஹல்லாவில் இருப்பவர்களை அடுத்த தெருவுக்கே தெரியாது.

அவர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். உங்களிடமிருந்து கூலியையோ நன்றியையோ நாடவில்லை என்று சொல்லும் அடியார்களை ஸூரத்துல் இன்ஸானில் அல்லாஹ் சிறப்பித்திருக்கிறான். இவர்கள் அந்த வரிசையில் சேர ஆசைப்படுகிறவர்கள். மையித்தின் உடம்பில் எதைக் கண்டாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். நம் ஊரின் எத்தனை இரகசியங்கள் அந்த நெஞ்சுகளுக்குள்ளேயே மூடிக் கிடக்கின்றன! ஆனால், அவர்கள் நன்றி கேட்கவில்லை என்பது நாம் விசாரிக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. கூட்டிய பெண்மணியும் எதையும் கேட்கவில்லை, நபியவர்கள்தாம் கேட்டார்கள்.

நம் தாய்வழிக் குடிகளும் அவற்றின் மரைக்கார்மாரும் பள்ளியைத் தாங்கிய காலத்தில் ஊர்ப்பொறுப்புகளும் அந்த வழியே பங்கிடப்பட்டன. ஒருவர் போனால் அதே குடியில் இன்னொருவர் வருவார். இன்று அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. கப்ர் வேலைக்கு இளைஞர்கள் வருகிறார்கள், மாஷா அல்லாஹ். கடற்கரை மணலில் பக்கவாட்டில் லஹ்து குடைந்தால் சரிந்துவிடும், நடுவில்தான் குழி எடுத்துப் பலகை வைத்து மூட வேண்டும் என்பதெல்லாம் கூட நின்று பார்த்தே பழகிவிடுகிறார்கள். பெண் மையித்துகளைக் குளிப்பாட்டத்தான் புதியவர்கள் வருவதில்லை. இப்போது செய்கிறவர்களுக்கு முழங்கால் வலி, பார்வைக் குறைவு. படித்த பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் முதல் மையித்தோடு போய்விடும் என்று இந்தத் தாய்மார்களே சொல்கிறார்கள்.

சகோதரிகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். பெண்ணுக்கு ஐந்து துண்டுக் கபன் எப்படி வெட்டுவது, எதை முதலில் உடுத்துவது என்று தெரிந்தவர் உங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போங்கள். முதலில் சுகம் விசாரியுங்கள். மருந்து எடுக்கிறாரா, வீட்டில் ஏதும் குறை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, அடுத்த மையித்துக்கு என்னையும் கூப்பிடுங்கள், தண்ணீர் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.