தீனிப்புழு வளர்ப்பும் கொல்லாமையும்

வீட்டில் கோழி வளர்ப்போர் அவற்றுக்குச் சிறுதீனியாக மாவுப்புழுவையும் வளர்த்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. மீல்வார்ம் எனப்படும் இவ்வுயிர் மண்புழுவின் இனம் அன்று. டெனிப்ரியோ மோலிட்டர் என்னும் கருவண்டின் இளம்பருவமே அது. கோதுமைத் தவிடு பரப்பிய தட்டில், ஈரத்துக்காக வைத்த கேரட் துண்டைக் கொறித்துப் பலமுறை தோலுரித்து, ஏறத்தாழ ஓர் அங்குலம் வளர்ந்தபின் அது கூட்டுப்புழுவாகி வண்டாகிறது. அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுக்களைப் பிற புழுக்களும் வண்டுகளும் கடித்துத் தின்றுவிடும் ஆதலால், வளர்ப்பவர் அவற்றைப் பொறுக்கி வேறு தட்டில் இட்டுக் காக்கிறார். அவ்வாறு காத்துப் பெருக்கிய இனத்தையே பின்னர் அள்ளிக் கோழிக்கு இடுகிறார். இச்செயலைக் கொல்லாமை அறம் எவ்வாறு மதிப்பிடும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கும் மரபு தொல்காப்பிய மரபியலிலும் சமண நூல்களிலும் காணப்படுகிறது. சமணர் புழுவுக்குத் தொடுதல், சுவைத்தல் என்னும் இரண்டையும், எறும்புக்கு முகர்தலோடு மூன்றையும், வண்டுக்குக் காண்டலோடு நான்கையும் உரியனவாக்குவர். மாவுப்புழுவோ ஆறு கால்களும் உணர்கொம்புகளும் உடையது; வெளிச்சம் பட்டால் தவிட்டுக்குள் புதைந்துகொள்வது. ஆகவே பெயரளவில் புழுவாயினும் அது மேற்படிகளுக்கே நெருங்கியது. எனினும் அது எந்தப் படியில் அடங்கும் என்பதால் விடை மாறிவிடாது. தாமே இயங்கும் உயிர்களைத் திட்டமிட்டு அழிப்பது சமண இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டதாகும்.

கொல்வது கோழியின் அலகுதானே, மனிதர் கை அன்றே என்பது எழக்கூடிய முதல் மறுப்பு. பௌத்த மரபு கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறும்: உயிர் இருத்தல், அதனை உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, இறப்பு. வளர்ப்பவரின் எண்ணம் கோழியை மகிழ்விப்பதே என்று கொண்டால் மூன்றாவது உறுப்பு ஐயத்துக்கு இடமாகிறது. சமணமோ தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவதால், அலகுக்குப் பின்னால் ஒதுங்க அங்கே இடமில்லை. பிறர் கொன்ற ஊனை உண்பவருக்குப் பாவம் உண்டா என்று சமணத் தமிழ்க் காப்பியமான நீலகேசி பௌத்தரோடு வாதிட்டதும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது: மண்ணைக் கிளறும் கோழி எப்படியும் பூச்சியைத் தின்னும் என்பது. இங்கு ஓர் ஒப்பீடு உதவும். குஜராத்தில் சமணர் நடத்திவந்த பாஞ்சராப்போல் எனும் விலங்குக் காப்பகங்கள் சிலவற்றில், தானியத்தில் கண்ட பூச்சிகளை அத்தானியத்தோடு இட்டு, இயல்பாக இறக்கும்வரை வைத்திருக்கும் ஜீவாத்கானா என்னும் அறையும் இருந்தது. அங்கும் தட்டிலும் மனிதர் பூச்சிக்குத் தீனி இடுகின்றனர். ஆனால் அங்கு தானே தோன்றிய உயிர் அடைக்கலம் பெறுகிறது, இங்கு அது முடிவு குறிக்கப்பட்ட பின்னரே பிறப்பிக்கப்படுகிறது. கொல்லைக் கோழி தேடித் தின்னும் பூச்சியின் பிறப்பில் மனிதருக்குப் பங்கில்லை. தட்டிலோ இனப்பெருக்கம், உணவு, இறப்பு மூன்றும் அவர் வகுத்தவை. ஆதலின் இயற்கையின் மேல் பொறுப்பை ஏற்றிவிட இயலாது.

கோழித் தீவனத்திலேயே மீன்தூள் சேர்வதுண்டு, தானியம் விளைவிக்கும்போதும் பூச்சிகள் மடிகின்றன என்பதும் உண்மை. இதனாலேயே சமணம் சமையல், துப்புரவு முதலிய இல்லறப் பணிகளில் நேரும் ஆரம்ப ஹிம்சையைத் திட்டமிட்டு அழிக்கும் சங்கல்ப ஹிம்சையிலிருந்து பிரித்தது. சத்துகள் நிறைவாகக் கலந்த தீவனம் தின்னும் கோழிக்கு மாவுப்புழு இன்றியமையாதது அன்று; அது வெறும் விருந்து. விருந்துக்காக நேரும் இறப்பைத் தவிர்க்க முடியாதது என்று சொல்ல வழியில்லை.

சமண நோன்பு ஏற்காதவர்க்கும் இவ்வாதம் முற்றிலும் புறம்பானதன்று. பூச்சிகள் உள்ளிட்ட முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றுக்கும் உணர்வு இருக்க மெய்யான வாய்ப்புண்டு என்று 2024 ஏப்ரலில் வெளியான நியூயார்க் அறிக்கையில் அறிவியலாளரும் மெய்யியலாளரும் ஒப்பமிட்டுள்ளனர். உறுதியற்ற அவ்வாய்ப்பு புழு வளர்ப்பை முற்றாக விலக்கப் போதாது எனக் கொள்வோரும், நெரிசலும் வறட்சியும் இன்றி அவ்வுயிரை வாழவிடும் கடமையை மறுக்க முடியாது. ஏனெனில் பிறப்பைத் தம் கையில் எடுத்தவர் இறப்புக்கு மட்டுமன்றி, இடைப்பட்ட வாழ்வு முழுமைக்கும் பொறுப்பாளர் ஆகிறார்.