முகமறியாதவரோடு வாதம்

சரவணைக்கு வடகிழக்கே, பரவைக்கடலின் மறுகரையில், அராலியும் வட்டுக்கோட்டையும் இருக்கின்றன. அந்தக் கரையில் 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவர்களுள் ஒருவர் அராலியில் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியார். மற்றவர், 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரான அமெரிக்க மிஷனரி டானியேல் பூர். வரவிருந்த சந்திரகிரகணம் எப்போது பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், சந்திரனில் எவ்வளவு பாகத்தை மறைக்கும் என்பதே வழக்கு. இருவருடைய கணக்கும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. கிரகணம் வந்தது. பூரின் கணக்கே சரியாயிற்று.

இந்த வழக்கில் நாம் முதலிற் கவனிக்க வேண்டியது யார் வென்றார் என்பதை அல்ல. இருவரும் ஒரே நடுவரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான். ஒருவருடைய மொழி, வேதம், உணவு, உடை எல்லாமே மற்றவருக்கு அந்நியம். ஆயினும் குறித்த இரவில் வானத்தைப் பார்ப்பது, அது சொல்வதை ஏற்பது என்ற ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். இன்று கைத்தொலைபேசியைத் திறந்தவுடன் நம்மோடு விஞ்ஞானச் செய்திகளைப் பற்றி வாதாட வரும் முகமறியாத மனிதர்களிடம் நாம் எதை இழந்து நிற்கிறோம் என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். எது நிகழ்ந்தால் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வேன் என அவரும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை.

ஆனால் 1829இன் கதை அந்த இரவோடு முடிந்துவிடவில்லை. பூர் வென்றது சில நிமிடங்களைத்தான். அவர் கேட்டதோ ஒரு மதத்தை. பஞ்சாங்கம் பிழைத்தது, ஆகவே புராணம் பொய். புராணம் பொய், ஆகவே சைவம் பொய் என்று படி வைத்து ஏறினார்கள் மிஷனரிமார். முதற்படியிலேயே ஏணி ஆட்டம் கண்டிருந்தது. சாஸ்திரியாரின் கணக்குப் புராணத்திலிருந்து வந்ததன்று. பாம்பு சந்திரனை விழுங்குவதாக வைத்துக்கொண்டு யாரும் நாழிகை கணக்கிட முடியாது. பூமி உருண்டையானது, கிரகணம் நிழலால் நேர்வது என்று ஆரியபடர் கி.பி. 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். பஞ்சாங்கக் கணிதம் அந்தச் சோதிட சித்தாந்தங்களின் வழியில் வந்தது. புராணக் கதை வேறொரு வழியில் வந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் எறிவது வாதத்துக்கு வசதியாக இருந்தது. உண்மைக்கு அது வசதியாக இல்லை.

அக்கணிதம் எத்தகையது என்பதற்குச் சான்று, ஏறத்தாழ அதே காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கிடைக்கிறது. ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் தமது ‘காலசங்கலித’ நூலுக்காக அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதருக்கு ஏடு வேண்டியிருக்கவில்லை, எழுதுகோலும் வேண்டியிருக்கவில்லை. தரையிற் சோகிகளைப் பரப்பி வைத்து, சொற்களாகவும் அசைகளாகவும் மனனஞ் செய்திருந்த வாய்பாட்டை முணுமுணுத்தபடியே, 1825 மே 31ஆம் தேதி இரவு வந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் அவர் கணக்குப் பிசகியது என்பதை ஒட்டோ நொய்கெபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து அறிகிறோம். சோகிகளையும் ஞாபகத்தையும் தவிர வேறு கருவியில்லாத ஒருவர் இவ்வளவு நெருங்கிவந்ததை எண்ணினால், ‘மூடர்’ என்ற சொல் நாவில் எழ மறுக்கிறது.

இப்படிச் சொல்வதால், பழம்பெருமை பேசிப் பிழைக்கும் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிட்டதாக வாசகர்கள் எண்ணவேண்டாம். பிழை பிழைதான், 52 நிமிடம் 52 நிமிடந்தான். தாம் கையாளும் கணக்கின் காரணம் அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது என்று வாரன் குறித்திருக்கிறார். காரணம் தெரியாதவர் பிழையைத் திருத்த இயலாது. அடுத்த தலைமுறைக்கு அதை அப்படியே ஒப்புவிக்கத்தான் இயலும். விஞ்ஞானத்தின் சிறப்பு அது பிழையே செய்யாதது என்பதில் இல்லை. தன் பிழையைத் தானே தேடிப்போவதில் இருக்கிறது. அன்றியும் பஞ்சாங்கம் வெறும் கணக்காக மட்டும் இருந்ததா? சுபவேளையும் தீட்டும் யார் யாருக்கு எப்படி என்று விதித்த அதிகாரத்தின் கையில் அது ஒரு கோலாகவும் இருந்தது. அந்தக் கோல் ஒடிந்ததற்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை.

கோல் ஒடிந்ததா என்பதுதான் கேள்வி. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமுமாக வந்த அந்தப் பத்திரிகையில் வானசாஸ்திரமும் பூமிசாஸ்திரமும் எழுதப்பட்டன. ஒருவரையொருவர் கண்டிராத வாசகர்கள் கடிதங்களில் மோதிக்கொண்டார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் ஏற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. ஆனால் மிஷனரிமார் எதிர்பார்த்தபடி அவர்கள் திரளாக மதம் மாறவில்லை. கற்ற கல்வியைக்கொண்டு உத்தியோகம் தேடிப் போனார்கள். 1855இல் செமினரியை அதன் எசமானர்களே மூடிவிட்டார்கள். ஆன்மாக்களைப் பிடித்துத் தராத வானசாஸ்திரத்தால் அவர்களுக்கு ஆகவேண்டியது அதிகம் இல்லைப்போலும்.

சாதியோ எதுவுமே நடவாததுபோல் இருந்துகொண்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முயன்றபோது, வாசலில் அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் எழுத்தறியாத பாமரரல்லர். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கிரகணத்தைப் பற்றி அவரோடு யாரும் வாதாடியிருக்க வேண்டியதில்லை. நிமிடம் பிசகாமல் அவரே சொல்லியிருப்பார். மூடநம்பிக்கையை விஞ்ஞானத்தால் அடித்து வீழ்த்திவிட்டால் அநீதியும் கூடவே விழுந்துவிடும் என்று நம்மைப்போன்ற முற்போக்காளர் நெடுங்காலம் நம்பிவந்தோம். மாவிட்டபுரத்து வாசல் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த பதிலை நாம் இன்னும் சரியாகப் படித்துக்கொள்ளவில்லை.

தீவகத்தில் விவாதம் நடந்த இடம் வாசிகசாலை. சரவணை, நாரந்தனை, வேலணை, புளியங்கூடல் என்று எந்த ஊரை எடுத்தாலும், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால்வைத்த செய்தி வந்தபோது நம்ப மறுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அந்த வாதங்களில் சூடு குறைவு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. வாயடைக்க வைத்த அதே மனிதரை மறுநாள் கிணற்றடியிற் சந்திக்கவேண்டும். அவர் வீட்டுச் சாவுக்கு நாமும், நம் வீட்டுச் சாவுக்கு அவரும் போகவேண்டும். அவர் ஏன் நம்ப மறுக்கிறார், அவருக்கு அந்தச் செய்தியால் என்ன வந்தது, எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்திருந்தன. (இந்த எல்லையையும் அளவுக்கு மீறிப் புகழவேண்டியதில்லை, எல்லாக் கிணற்றிலும் எல்லாரும் அள்ள முடியாதிருந்த காலமும் அதுவே.)

1990களின் யுத்தமும் இடப்பெயர்வும் அந்த வட்டத்தைச் சிதறடித்தன. ஊரார் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வாதம் மட்டும் நிற்கவில்லை, முன்பைவிட வளர்ந்திருக்கிறது. குறைந்துபோனது, எதிரே இருப்பவரின் கிணறு எங்கே இருக்கிறது என்ற அறிவு.

ஓர் உதாரணம் போதும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையோடு இணைக்கப்படாதவை. அங்கே காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் உண்டாக்கும் திட்டத்தை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை முடிவு செய்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு, மூன்றாம் நாடொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்படுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை. 2024 மார்ச் 1ஆம் தேதி இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம். 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியசக்தி, 2,400 கிலோவாட்மணி கொள்ளும் மின்கலங்கள், இவற்றுக்குத் துணையாக 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

இந்த மூன்றாண்டுகளில் இச்செய்தியைப் பற்றி முகமறியாத தமிழர்கள் தமக்குள் ஆடிய வாதத்தை நாம் ஓரளவு தொடர்ந்து பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறோம், அதிற் பங்கும் கொண்டோம். பீஜிங் பேசப்பட்டது, புதுடில்லி பேசப்பட்டது. இந்துசமுத்திரத்தின் எதிர்காலம் முழுவதும் பேசப்பட்டது. காற்று ஓய்ந்த இரவில் 2,400 கிலோவாட்மணி மூன்று தீவுகளுக்கும் எத்தனை நேரத்துக்குக் காணும், உப்புக்காற்றில் துருவேறும் உறுப்பை மாற்ற உள்ளூரில் யார் பயிற்றப்படுவார்கள், மின்கலம் தேய்ந்துபோகும் காலத்தில் அதற்குப் பணம் யார் தருவது? விஞ்ஞானச் செய்தியின் விஞ்ஞானம் இங்கேதான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பியவர் மிகச் சிலர். நெடுந்தீவில் விளக்கேற்றக் காத்திருக்கும் வீடு, நம்முடைய வாதத்தில் ஒரு பெயராக மட்டுமே இருந்தது.

நம்முடைய சொந்தக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ காற்றாலை நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் நிறுவுவதற்கு எதிராக 2025இல் அங்கு மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த நாட்களில் முகமறியாத ஒருவர், காற்றாலைகள் மழையை விரட்டிவிட்டன என்று எழுதியிருந்தார். இது பிழை என்பது நமக்கு நன்றாகத் தெரியும். வடகீழ்ப் பருவமழை வங்காள விரிகுடாவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் வருவது. மழைமுகில் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது. காற்றாலையின் இறக்கை நுனி 200 மீட்டரையும் எட்டாது. முப்பது விசிறிகள் பருவமழையைத் திருப்பிவிடுமென்றால் வெள்ளத்தைத் தடுக்கக் கொழும்பில் நாலு விசிறி வைக்கலாமே என்று கேலியும் சேர்த்து எழுதினோம். பலர் கைதட்டினார்கள். அவர் பதில் எழுதவில்லை. நாம் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து எழுதினார். மழை வருகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வந்த மழை கடலுக்குப் போகாமல் என் முற்றத்திலேயே நிற்பதேன் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். காற்றாலைகளுக்குப் பாரவண்டிகள் போவதற்காக உயர்த்திப் போட்ட பாதைகள், தண்ணீர் வழக்கமாக ஓடிய தாழ்நிலங்களை மறித்துவிட்டன என்பது அவர் கட்சி. பாதை போடுமுன் யாரும் தம்மிடம் வந்து கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நாம் நெடுநேரம் அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய முதல் வாசகம் பிழைதான். அதைப் பிழையென்று சொன்னதற்காக நாம் இன்றும் வருந்தவில்லை. பிழையென்று தெரிந்தும், ‘ஏழை மனிதர், போகட்டும்’ என்று தலையசைத்துவிட்டு நகர்வது அவரை மனிதராகவே மதியாத செயல். ஆனால் அந்தப் பிழைக்குள் அவர் ஒரு முறைப்பாட்டை வைத்திருந்தார். ‘எங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்கள்’ என்பதற்கு இந்த நாட்டில் யாரும் காதுகொடுப்பதில்லை. மழை நின்றுவிட்டது என்றால் ஒருவேளை திரும்பிப் பார்ப்பார்கள். பிழையை அடித்து நொறுக்கியபோது அதன் உள்ளே இருந்ததையும் சேர்த்து நொறுக்கினோம். பூர் கிரகணத்தை வென்று மதத்தைக் கேட்டார். நாம் முகிலை வென்று அந்த மனிதரின் வாயையே கேட்டிருக்கிறோம்.

இதற்காக அவர் சொல்வதையெல்லாம் நாம் ஏற்றுக்கொண்டோம் என்றும் அல்ல. முற்றத்தில் நீர் நிற்பதற்குப் பாதை காரணமாக இருக்கலாம். அவ்வாண்டின் மழை மிகுதியும் காரணமாக இருக்கலாம். தூர்ந்துபோன வாய்க்காலும் காரணமாக இருக்கலாம். அவருக்கு அப்படியே எழுதினோம். கேலிக்கு மன்னிப்பும் கேட்டோம். பிறகு, எதைப் பார்த்தால் இருவரும் ஒத்துக்கொள்வோம் என்று கேட்டோம். பதில் உடனே வந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கோல், அந்தப் பக்கம் ஒரு கோல், இரண்டிலும் அடையாளம் வெட்டி நட்டு வைக்கிறேன். மழை விட்ட மறுநாள் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் இருந்தால் நான் பொய்யன். ஐப்பசி பிறக்கட்டும், வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

போவதாகப் பதில் எழுதியிருக்கிறோம்.