அழையா மாணவன்

கல்வி மனிதனை மனிதனாக்கும் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். அவ்வாறு சொல்லும்போதெல்லாம் என்னைத் தயங்க வைப்பது ஒரு நாவல்: மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதி, 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அது அரக்கனின் பெயர் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவனைப் படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. அவன் கண் திறந்த இரவே படைத்தவன் அஞ்சி ஓடிவிட்டான்.

1931-இல் வந்த திரைப்படம் அவனை ஊமையாக்கிவிட்டது. நாவலிலோ அவன் நாவன்மை மிக்கவன். ஜெர்மனியில் காட்டோரக் குடில் ஒன்றை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, பலகை இடுக்கின் வழியே ஓர் ஏழைக் குடும்பத்தைக் கவனித்துப் பேசக் கற்றான். அவ்வீட்டு மகன் ஃபெலிக்ஸ் அயல்நாட்டுப் பெண் ஒருத்திக்குப் பாடம் சொல்ல, இந்த அழையா மாணவன் அவளை விஞ்சித் தேறினான். காட்டில் கண்டெடுத்த பெட்டியிலிருந்து மில்டனின் காவியத்தை வாசித்துத் தன்னை ஆதாமோடு ஒப்பிட்டான். ஆதாமோடு உரையாட அவனைப் படைத்தவர் இருந்தார். கற்குமுன் இவனுக்குப் பசியும் குளிரும்தாம் துயரம்; கற்றபின் தான் யாருமற்றவன் என்பதும் தெரிந்தது.

இரவில் அவர்களுக்காக விறகு சேர்த்து வைத்தவன் அவன். பார்வையற்ற முதியவர் அவன் பேச்சைக் கேட்டுப் பரிவோடு பதிலுரைத்தார். பார்வையுள்ள மகன் வந்தான், தடியால் அடித்தான்.

இவ்விடத்தில் நாம் இரங்குகிறோம். ஆசிரியை நம்மை அதோடு விடவில்லை. படைத்தவனின் சிறு தம்பியை அவன் கொல்கிறான். சிறுவன் அணிந்திருந்த சிற்றோவியத்தை, உறங்கிக் கிடந்த பணிப்பெண் ஜஸ்டினின் ஆடை மடிப்பில் வைத்துவிடுகிறான். மனிதச் சட்டம் எவ்வாறு பழி சுமத்தும் என்பதை ஃபெலிக்ஸின் பாடங்களிலிருந்து அறிந்ததாக அவனே சொல்கிறான்.

கனமான பாவத்திற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று குருமடத்தில் படித்தோம். அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், கொலையைவிட அந்த ஓவியமே என்னை அதிகம் நடுங்க வைக்கிறது. கொலையில் வெறி இருந்தது. இதில் படிப்பு இருந்தது. அவன் அடிபட்டவன் என்பது குற்றத்தைக் குறைக்கலாம். ஆனால் ஜஸ்டின் அவனை அடிக்கவில்லையே!

அவளைத் தூக்குமேடைக்கு அனுப்பியதில் இன்னொருவருக்கும் பங்குண்டு. குருவாகிய நான் அதைச் சொல்லாமல் கடந்துவிட முடியாது. அவளிடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு, திருச்சபை விலக்கையும் நரக நெருப்பையும் காட்டி மிரட்டி, செய்யாத கொலையை ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் கொட்டிலில் ஒளிந்திருந்து கற்றவரல்லர்.